வேருக்குக் காவல்

தக்காளி விலை ஏறிவிட்டால் நம் வீடுகளில் யார் யாருக்கு வசவு விழும் என்பதை நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் கடைக்காரர், அடுத்தபடி மண்டிக்காரர், பிறகு லாரி வாடகை, கடைசியில் மழை. 2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்குத் தக்காளி விற்கச் சர்க்காரே ஏற்பாடு செய்ய நேர்ந்தது. ரசத்துக்குப் புளி ஒன்றே போதும் என்ற பழைய உண்மையை அந்த மாதத்தில் மறுபடியும் கண்டுபிடித்த குடும்பங்கள் பல.

இந்த வசவுப் பட்டியலில் ஒருபோதும் இடம் பெறாத பிராணி ஒன்று உண்டு. அதன் நீளம் அரை மில்லிமீட்டர்கூட இராது. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. நூலிழை போன்ற உருவமுடையதாகையால் அதற்கு நூற்புழு என்று பெயர். 2020ஆம் ஆண்டில் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, இந்தியாவின் முக்கியப் பயிர்களில் நூற்புழுக்களால் ஆண்டுதோறும் உண்டாகும் நஷ்டம் ஏறக்குறைய 10,200 கோடி ரூபாய். கடைக்காரரும் மண்டிக்காரரும் சேர்ந்து அடித்தாலும் இவ்வளவு அடிக்க முடியுமா என்பது சந்தேகந்தான்.

கிருஷ்ணகிரி ஜில்லா ஊத்தங்கரைத் தாலுகாவைச் சேர்ந்த கல்லாவியில் இருந்துகொண்டு நாம் இதை எழுதுகிறோம். இப்பக்கத்து நிலங்களில் செம்மண்ணே மிகுதி. தண்ணீருக்குக் கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும்தான் நம்ப வேண்டும். வானம் பார்த்த கொல்லைகளில் நிலக்கடலையும் கேழ்வரகும் துவரையும் விளைகின்றன. கிணற்றில் ஊற்று உள்ளவர்கள் தக்காளி, கத்தரி, வெண்டை என்று காய்கறி வைக்கிறார்கள். வீட்டுப் பிள்ளைகளோ போச்சம்பள்ளியிலும் ஓசூரிலும் எழுந்துள்ள ஆலைகளுக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள். மாதம் பிறந்தால் சம்பளம் தரும் ஆலைக்கு எதிரே, மூன்று மாதம் கழித்துத் தருகிறேனோ இல்லையோ என்னும் தக்காளிக் கொல்லை எப்படி நிற்கும்? இரண்டு போகம் தொடர்ந்து தவறினால் மூன்றாவது போகத்துக்கு நாற்று விட ஆள் இராது. ஆகையால், வேருக்கு அடியில் நடப்பது இந்த ஊர்களுக்கு வெறும் சாஸ்திர விஷயமாக இல்லை.

நோய் வரும் விதம் வஞ்சகமானது. நட்ட நாற்று நன்றாகவே பிடிக்கும். முப்பது நாற்பது நாள் சென்றதும் கொல்லையில் அங்கங்கே திட்டுத் திட்டாகச் சில செடிகள் குன்றி நிற்கும். நடுப்பகலில் இலைகள் துவண்டு தொங்கும், மாலையில் நிமிர்ந்துகொள்ளும். தண்ணீர் போதவில்லை என்று குடியானவர் தண்ணீர் பாய்ச்சுவார். இலை வெளுத்தால் உரம் போதவில்லை என்று யூரியா வைப்பார். இரண்டுக்கும் பணம் போகும், செடி தேறாது. வேரில் குற்றம் இருக்கும்போது இலைக்கு வைத்தியம் செய்து பயன் என்ன?

அப்படிப்பட்ட செடி ஒன்றை வேர் அறுந்துவிடாமல் மண்வெட்டியால் தோண்டி எடுத்து, தண்ணீரில் அலசிப் பார்க்க வேண்டும். வேர் முழுவதும் மணி கோத்தாற்போல் முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் அதுதான் வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை. இங்கே ஓர் எச்சரிக்கை. நிலக்கடலை, துவரை, காராமணி முதலியவற்றின் வேரிலும் முடிச்சுகள் காணப்படும். அவை காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கித் தரும் நல்ல பாக்டீரியாக்களின் குடியிருப்பு. அந்த முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். விரலால் தள்ளினால் உதிரும். நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழுவின் முடிச்சோ வேரே வீங்கியது. தள்ளினால் வராது, வேர்தான் அறும். உருவம் ஒன்றுபோலிருந்தாலும் ஒன்று விருந்தாளி, மற்றொன்று திருடன். பள்ளிப் பிள்ளைகள் ஒரு நாளில் கற்றுக்கொள்ளக்கூடிய இந்த வித்தியாசத்தை ஊரில் பெரியவர்கள் பலர் அறியாமல் இருப்பது விசனகரம்.

முடிச்சுக்குள் என்ன நடக்கிறது? முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுப் புழு, மண் துகள்களுக்கு இடையிலுள்ள ஈரப்படலத்தில் நீந்தி வேரின் நுனியைத் தேடி வருகிறது. அதன் வாயில் ஊசி போன்ற ஓர் உறுப்பு உண்டு. அதனால் துளைத்துக்கொண்டு உள்ளே புகுந்து, ஓரிடத்தில் தலையை ஊன்றி, ஒருவிதச் சுரப்பைப் பாய்ச்சுகிறது. உடனே சுற்றியிருக்கும் வேர்க்கண்ணறைகள் பூதாகாரமாகப் பெருத்து, புழுவுக்கு ஆகாரம் ஊட்டும் தாதிகளாக மாறிவிடுகின்றன. அதன்பின் பெண் புழு அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை. இருந்த இடத்திலேயே தின்று, பேரிக்காய் வடிவத்தில் உருண்டு, முட்டையிடுகிறது. இவ்வினத்தில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் வகைக்கு ஆண் துணைகூடத் தேவையில்லை. ஒரு பெண் 300 முதல் 500 வரை முட்டையிடும். நம் நாட்டு வெப்பத்தில் முட்டை முதல் முட்டை வரை ஏறக்குறைய ஒரு மாதம்.

நாம் உபாத்தியாயராகையால் ஒரு கணக்குப் போடாமல் விட மனம் வரவில்லை. 400 முட்டையில் 380 வீணாகி 20 மட்டுமே பிழைப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு புழு முதல் மாதத்தில் 20. இரண்டாம் மாதத்தில் 400. மூன்றாம் மாதத்தில் 8,000. தக்காளி கொல்லையில் இருப்பது நான்கு மாதத்துக்கு மேல். அடுத்த போகமும் கத்தரியோ வெண்டையோ என்றால் புழுவுக்குப் பந்தி தொடர்ந்து நடக்கிறது. செம்மண்ணும் மணற்பாங்கான மண்ணும் அதன் நடமாட்டத்துக்கு மிகவும் வசதி. இது மட்டுமா? புழு குத்திய புண் வழியாக வாடல் நோயின் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் உள்ளே நுழைகின்றன. செடி செத்தபின் பழி அவற்றின் தலையில் விழுகிறது.

இந்தப் புழு நேற்று வந்ததன்று. 1855ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பெர்க்லி என்ற பாதிரியார், கண்ணாடிக் கூடத்தில் வளர்ந்த வெள்ளரிச் செடிகளின் வேரில் இம்முடிச்சுகளைக் கண்டு எழுதிவைத்தார். இந்தியாவில் இதை முதன்முதலாகக் கண்டு எழுதியது நம் தமிழ் மண்ணிலேதான். 1901ஆம் ஆண்டில் நீலகிரியைச் சேர்ந்த தேவாலாவில் தேயிலைச் செடிகளின் வேரை ஆராய்ந்து பார்பர் என்ற தாவர சாஸ்திரி அறிக்கை வெளியிட்டார். அதற்கு இருபது வருஷங்களுக்கு முன்புதான் அதே தேவாலாவில் தங்கம் கிடைக்கும் என்று நம்பி வெள்ளைக்காரக் கம்பெனிகள் பணத்தைக் கொட்டி ஏமாந்தன. இந்தப் பார்பர்தான் பின்னர் கோயம்புத்தூரில் நம் டி. எஸ். வெங்கடராமனுடன் சேர்ந்து உலகப் புகழ்பெற்ற கரும்பு ரகங்களை உண்டாக்கியவர். கரும்புக்காக அவரை நினைப்பவர்கள் உண்டு. புழுவுக்காக நினைப்பவர் எவரையும் நாம் கண்டதில்லை.

கண்டுபிடித்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் புழு ஏன் ஒழியவில்லை? ஒழிக்க முயன்ற வழியைப் பார்த்தால் விளங்கும். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து உலகெங்கும் மண்ணில் விஷத்தைப் போடுவதே வைத்தியமாக இருந்தது. மண்ணுக்குள் ஊடுருவி அத்தனை உயிரையும் கொல்லும் ஆவிகளும் குருணைகளும் வந்தன. டி.பி.சி.பி. என்ற நூற்புழு மருந்தைத் தயாரித்த கலிபோர்னியா ஆலை ஒன்றில் ஆண் தொழிலாளர் பலர் சந்தானமற்றுப் போனது 1977ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. நம் தேசத்தின் கதை இன்னும் கொடிது. 1984ஆம் ஆண்டு டிசம்பரில் போபாலில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது மீதைல் ஐஸோசயனேட் என்ற வாயு. அந்த ஆலையில் அது கார்பரில் என்ற பூச்சி மருந்துக்காக வைக்கப்பட்டிருந்தது. நூற்புழுவுக்கு வழங்கப்பட்ட கார்போஃபியூரான் குருணைக்கும் அதே வாயுதான் மூலச்சரக்கு. நம் கொல்லைகளில் கைநிறைய அள்ளித் தூவப்பட்ட மற்றொரு குருணையான போரேட்டை 2020ஆம் ஆண்டு முடிவோடு இந்திய சர்க்கார் தடை செய்துவிட்டது. தடை நியாயமானதே. ஆனால் ஒரு மருந்தை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எதை வைப்பது என்று குடியானவர் கேட்பதும் நியாயந்தானே? புதிய ரஸாயனங்கள் சில வந்திருக்கின்றன. அவற்றின் விலையைக் கேட்டால் சிறு குடியானவருக்கு நடுப்பகல் தக்காளிச் செடியின் நிலைமைதான்.

இனி நல்ல பாக்டீரியாக்களுக்கு வருவோம். பாக்டீரியா என்றவுடன் காலரா, க்ஷயம் என்று நாம் நடுங்குவது வழக்கம். ஆனால் தினந்தோறும் இரவில் பாலில் ஒரு கரண்டி மோர் விட்டு உறை குத்தும் நம் சகோதரிகளுக்கு நல்ல பாக்டீரியாவைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. நல்ல உறை விழுந்தால் பால் கெடாது, தயிராகும். உறைமோர் முதலில் பாலைப் பிடித்துக்கொண்டு பெருகிவிடுவதால், கெடுக்கும் கிருமிகளுக்கு அங்கே இடமில்லாமல் போகிறது. வேரைச் சுற்றிலும் இதே காரியத்தைச் செய்ய முடியும் என்பதே இவ்வைத்தியத்தின் தத்துவம்.

வேர் சும்மா நீரை மட்டும் உறிஞ்சிக்கொண்டிருப்பதில்லை. தன்னைச் சுற்றிச் சர்க்கரையும் வேறு பல சத்துக்களும் கசியவிடுகிறது. அந்தக் கசிவை உண்ண மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் கூட்டமாய் வந்து சேர்கின்றன. வேரைச் சூழ்ந்த இந்த மெல்லிய வட்டாரத்துக்கு 1904ஆம் ஆண்டில் ஹில்ட்னர் என்ற ஜெர்மானியர் தனிப் பெயர் சூட்டினார். இங்கே வந்து குடியேறுபவர்களில் சூடோமோனாஸ் ஃப்ளூரசன்ஸ், பேசிலஸ் சப்டிலிஸ் என்ற இருவரைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும். நம் குடியானவர்கள் முதலாமதைச் 'சூடோமோனாஸ்' என்று சுருக்கியே அழைக்கிறார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

சூடோமோனாஸுக்கு விசித்திரமான குணம் ஒன்று உண்டு. மண்ணில் இரும்புச் சத்து அரிதாக இருக்கும் இடங்களில் அதைக் கவர்ந்துகொள்ள மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு பொருளைச் சுரக்கிறது. புற ஊதாக் கதிரில் அப்பொருள் ஒளிவிடும். இந்தக் கவர்ச்சியால் பட்டினி கிடந்து நலிபவை முக்கியமாக வாடல் நோய்ப் பூஞ்சைகள். நூற்புழுவிடம் அது வேறு உபாயங்களைக் கையாளுகிறது. அதன் சில இனங்கள் சுரக்கும் ரஸங்கள் புழுவின் முட்டை பொரிவதைக் குறைத்து, குஞ்சுகளையும் கொல்கின்றன. வேரின் கசிவை இது உண்டு மாற்றிவிடுவதால், கசிவின் வாசனையைப் பிடித்து வரும் குஞ்சுப் புழுவுக்கு வழி தப்புகிறது. எல்லாவற்றிலும் ஆச்சரியமானது இது: சூடோமோனாஸ் குடியேறிய செடி, எதிரி வருமுன்பே தன் தற்காப்புச் சுரப்புகளைத் தயாராக வைத்துக்கொள்கிறது. அம்மைப்பால் குத்திய குழந்தையின் உடம்பு ஒருவாறு விழித்துக்கொள்வதைப் போன்றதே இதுவும். மனித உடம்பின் சூட்டில் இந்த இனம் செழிப்பதில்லை என்பதும் ஒரு சௌகரியம்.

இதில் நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. இதைக் குடியானவர் கைக்குக் கொண்டுவந்தவர்கள் நம் நாட்டவர்களே. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 'பி.எஃப். 1' என்ற சூடோமோனாஸ் இனத்தைத் தேர்ந்தெடுத்து, முகத்துக்குப் பூசும் பவுடரில் உள்ள அதே மாக்கல் பொடியில் அதைக் கலந்து பொட்டலமாக்கும் முறையை 1990களில் வகுத்தார்கள். ஓசூரிலிருந்து எட்டிவிடும் தூரத்தில், பெங்களூரை அடுத்த ஹெஸரகட்டாவில் 1967ஆம் ஆண்டு ஏற்பட்ட இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் சூடோமோனாஸையும் பேசிலஸையும் சில நல்ல பூஞ்சைகளையும் கொண்டு காய்கறிகளின் நூற்புழுவை அடக்கும் முறைகளை வகுத்திருக்கிறது. கடல் கடந்து வரும் டப்பாவில்தான் சாஸ்திரம் இருக்கிறது என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இன்னும் போகவில்லை. ஹெஸரகட்டாவுக்கு ஒரு நாள் பஸ் ஏறிப் போய் வந்தால் போய்விடும்.

பயன்படுத்தும் முறை எளிது. ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் பொடி என்பது கணக்கு. இக்காலத்தில் வீரிய ஒட்டு ரகத் தக்காளி விதை 10 கிராம் பொட்டலமாக வருகிறதே என்றால், ஒரு சிட்டிகை போதும். நடவு வயலுக்கு ஹெக்டேருக்கு இரண்டரை கிலோ பொடியை 50 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து இடும்படி கோயம்புத்தூரார் சொல்கிறார்கள். ஹெஸரகட்டாவின் முறையை நாம் அதிகமாக விரும்புகிறோம். ஒரு டன் தொழுவுரத்துக்கு இரண்டு கிலோ பொடியைக் கலந்து, நிழலில் குவித்து, ஈரம் குறையாமல் மூடிவைத்து, நடுவே கிளறிவிட்டு, பதினைந்து நாள் சென்றபின் கொல்லையில் இடுவது. வேப்பம் பிண்ணாக்கும் சேர்த்தால் இன்னும் விசேஷம். இதில் பாக்டீரியா பொட்டலத்தில் வந்த அளவோடு நிற்பதில்லை; எருவைத் தின்று பெருகி, ஒரு படையாக மண்ணுக்குப் போகிறது. ஒரு கரண்டி மோர் ஒரு பானைத் தயிராகிற கணக்குத்தான்.

முக்கியமாக, வைத்தியத்தை நாற்றங்காலில் ஆரம்பிக்க வேண்டும். கொல்லைக்குக் கொல்லை புழு பரவுவதற்கு நாற்றைப் போன்ற வாகனம் வேறில்லை. விலைக்கு வாங்கிய நாற்றின் வேரில் முடிச்சு இருக்கிறதா என்று பார்க்காமல் நடுகிறவர், திருடனைத் தோளில் சுமந்து வந்து வீட்டுக்குள் இறக்குகிறார். நம் பக்கத்தில் பணம் கொடுக்காமல் கிடைக்கும் சரக்கு ஒன்றே ஒன்று. அது சித்திரை வெயில். நாற்றங்கால் மண்ணை நனைத்து, ஒளி ஊடுருவும் மெல்லிய பாலிதீன் தாளால் ஓரம் மூடிப் போர்த்தி, நான்கு முதல் ஆறு வாரம் வெயிலில் வேகவிட்டால் மேல்மண்ணிலுள்ள புழுவும் முட்டையும் பெரும்பாலும் மடியும். இஸ்ரேல் நாட்டில் 1970களில் ஆராய்ந்து பிரசித்தமான முறை இது. தாளை எடுத்தபின் மண்ணில் காலியிடம் நிறைய இருக்கும். யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்கே இடம். அப்போது சூடோமோனாஸ் கலந்த எருவை இட்டுவிட வேண்டும்.

மாடித் தோட்டம் வைத்திருக்கும் பட்டணத்துச் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. தொட்டியில் வைத்த கத்தரி காரணமில்லாமல் குன்றினால் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். முடிச்சு இருந்தால் அந்த மண்ணை அடுத்த தொட்டிக்கு மாற்ற வேண்டாம். புது மண்ணும் மக்கிய எருவும் கலக்கும்போதே பொடியையும் கலந்து, ஒரு வாரம் ஈரமாக வைத்திருந்து, பிறகு செடி வைப்பது நல்லது.

இத்தனையும் சொன்ன பிறகு, இதன் குறைகளை மறைப்பது யோக்கியமாகாது. இது சர்வரோக நிவாரணி அன்று. முடிச்சுகள் குறையும், விளைச்சல் கூடும், புழு அடியோடு ஒழிந்துபோகாது. விஷக் குருணை ஒரு வாரத்தில் காட்டுகிற வேகத்தை இதனிடம் எதிர்பார்த்தால் ஏமாற்றந்தான். கொல்லை முழுவதும் முடிச்சேறிய பிறகு பொட்டலத்தைத் தேடி ஓடுவதிலும் பயன் மிகக் குறைவு. எரு இல்லாத வறண்ட மண்ணில், வைகாசி உச்சி வெயிலில், வெறும் பொடியைத் தூவுவது பாக்டீரியாவுக்குச் சிதை மூட்டுவதற்கு ஒப்பாகும். மாலை வேளையில், ஈர மண்ணில், எருவோடு சேர்த்தே இட வேண்டும். ஸ்ட்ரெப்டோமைசினும் தாமிர மருந்தும் பாக்டீரியாக்களைக் கொல்வதற்கென்றே ஏற்பட்டவை. அவற்றைக் கலந்த கையோடு அதே மண்ணில் சூடோமோனாஸையும் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய குறை கடையில் இருக்கிறது. பொட்டலத்துக்குள் இருப்பது உயிர். மாக்கல் பொடியில் அது நல்ல நிலையில் இருப்பது சில மாதங்களே. ஒரு கிராம் பொடியில் குறைந்தபட்சம் 10 கோடி உயிருள்ள பாக்டீரியா இருக்க வேண்டும் என்பது விதி. தகரக் கூரைக் கடையில், சன்னலோர வெயிலில், ஒரு வருஷம் கிடந்த பொட்டலத்தில் எத்தனை கோடி மிஞ்சும்? உயிர் போன பொடியும் உயிருள்ள பொடியும் பார்வைக்கு ஒன்றே, வெள்ளை மாக்கல்தான். அதை வாங்கி இட்டுப் பலன் காணாத குடியானவர், 'சூடோமோனாஸ் எல்லாம் ஏமாற்று' என்று பக்கத்துக் கொல்லைக்காரரிடம் சொல்வார். ஊரில் பத்துப் பேர் அப்படிச் சொல்லிவிட்டால் கோயம்புத்தூரின் இத்தனை வருஷ உழைப்பும் அந்த ஊரைப் பொறுத்தவரை வீண். பூச்சி மருந்துச் சட்டம் 1968ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. கடைகளில் மாதிரி எடுத்து உயிரெண்ணிப் பார்க்கும் வேலை இந்த உயிர்மருந்துகளுக்கு இன்னும் கண்டிப்பாக நடக்க வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். அது நடக்கும் வரையில், தயாரித்த தேதியைப் பார்க்காமல் எவரும் வாங்கக் கூடாது. வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் சர்க்காரின் உயிரியல் கட்டுப்பாட்டு ஆய்வகங்கள் மூலமாகவும் கிடைக்கும் பொடியை முதலில் தேடுவதே உத்தமம்.

ஜில்லாவின் மேற்குக் கோடியில், தளி, ஓசூர்ப் பக்கங்களில், பசுமைக்குடில்களில் ரோஜாவும் குடைமிளகாயும் வெள்ளரியும் வளர்க்கிறார்களே, அவர்களுக்கு இந்த விஷயம் இன்னும் அவசரமானது. ஆண்டு முழுவதும் இதமான சூடு, காயாத ஈரம், மாறாத பயிர்: நூற்புழுவுக்கு இதைவிட நல்ல சத்திரம் யார் கட்டித் தர முடியும்? பெர்க்லி பாதிரியார் முதன்முதலில் புழுவைக் கண்டதும் கண்ணாடிக் கூடத்திலேதான் என்பதை அவர்கள் மறக்கலாகாது. லட்சக்கணக்கில் கடன் வாங்கிக் கட்டிய குடிலில் மண்ணை நிரப்புமுன் அந்த மண்ணைப் பரிசோதித்துப் பார்க்கும் செலவு அற்பமானது.

இன்னொரு பாக்டீரியாவின் கதையையும் சொல்லிவிட வேண்டும். பாஸ்டூரியா என்பது அதன் பெயர். மகா விஞ்ஞானி லூயி பாஸ்டரின் ஞாபகார்த்தமாக 1888ஆம் ஆண்டில் மெச்னிக்காஃப் அந்தக் குலத்துக்கு இட்ட பெயர் அது. நூற்புழுவைத் தாக்கும் வகையை 1940ஆம் ஆண்டில் ஓர் அமெரிக்கர் பார்த்து, வேறு ஏதோ ஓரணுப் பிராணி என்று எழுதிவைத்தார். பாக்டீரியாதான் என்று தெளிவானது 1975ஆம் ஆண்டில். இதன் விதைகள் மண்ணில் வருஷக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். வறட்சிக்கும் வெயிலுக்கும் அஞ்சா. நீந்திப் போகும் குஞ்சுப் புழுவின் தோலில் நெருஞ்சிமுள்போல் ஒட்டிக்கொள்ளும். புழு வேருக்குள் போய்க் குடியேறியபின் அதன் உடம்பைத் துளைத்து உள்ளே வளரும். கடைசியில் அந்தப் பெண் புழு முட்டைக்குப் பதிலாக ஏறக்குறைய 20 லட்சம் பாஸ்டூரியா விதைகளைச் சுமந்துகொண்டு சாகும். வேர் மக்கியதும் அவை மண்ணில் சிந்திவிடும்.

இதுவல்லவோ காவல் என்று தோன்றும். ஆனால் பாஸ்டூரியா புழுவின் உடம்பில்தான் வளரும். சூடோமோனாஸைப்போல் ஜாடியில் சுலபமாகப் பெருகாது. அமெரிக்காவில் ஒரு சிறு கம்பெனி வெகு காலம் முயன்று அதற்கு ஒரு வழி கண்டது. 2012ஆம் ஆண்டில் ஸின்ஜென்டா என்ற பெருங்கம்பெனி அந்தக் கம்பெனியையே விலைக்கு வாங்கிவிட்டது. பாஸ்டூரியா நம் நாட்டு மண்ணிலும் இருக்கிறது. நம் விஞ்ஞானிகளும் அதை ஆராய்கிறார்கள். வேம்பின் கதையை நாம் மறந்துவிடவில்லை. வேப்பெண்ணெயால் பூஞ்சையை அடக்கும் முறைக்கு ஓர் அமெரிக்கக் கம்பெனியும் அந்நாட்டு விவசாய இலாகாவும் சேர்ந்து 1994ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் உரிமைப் பட்டயம் வாங்கின. 2000ஆம் ஆண்டில் அது ரத்தாகி, 2005ஆம் ஆண்டில்தான் வழக்கு முடிந்தது. நம் பாட்டிமார் அறிந்திருந்ததை நாம் மீட்டுக்கொள்ளப் பத்து வருஷம் வழக்காட வேண்டியிருந்தது. பாஸ்டூரியாவின் விஷயத்தில் பாட்டிமாரின் சாட்சியம்கூட இல்லை. ஆகையால் ஆராய்ச்சிக்கூடங்களுக்குப் பணம் ஒதுக்குவதில் சர்க்கார் கஞ்சத்தனம் செய்யக் கூடாது.

பாக்டீரியாவுக்குத் துணையாக நம் பக்கத்திலேயே கிடைக்கும் பூ ஒன்றும் உண்டு. இராயக்கோட்டை, ஓசூர்ப் பக்கங்களில் மாலைக்காக ஏராளமாகப் பயிராகும் செண்டுமல்லிதான் அது. அதன் வேரில் நூற்புழுவுக்கு விஷமான ஒரு பொருள் இருப்பதை 1950களில் ஹாலந்து தேசத்து விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். தக்காளி எடுத்த கொல்லையில் மறுபடியும் கத்தரி வைக்காமல் ஒரு போகம் செண்டுமல்லி வைத்தால், ஆயுத பூஜைச் சந்தையில் பூவும் விலையாகும். புழுவின் தொகையும் குறையும். கேழ்வரகு, சோளம் முதலிய தானியங்களும் காய்கறியைப்போல் அதற்கு அவ்வளவு ருசிப்பதில்லை. நூற்புழுவை எதிர்க்கும் தக்காளி ரகங்களும் இருக்கின்றன. ஹரியானாவில் உண்டாக்கிய 'ஹிஸார் லலித்' அவற்றில் ஒன்று. ஆனால் அநேக ரகங்களுக்கு எதிர்ப்புச் சக்தியைக் கொடுக்கும் மரபணு, மண்ணின் சூடு 28 டிகிரி செல்ஸியஸுக்கு மேல் போனால் அயர்ந்துவிடுகிறது. ஊத்தங்கரைக் கோடையில் 28 டிகிரி என்பது விடியற்காலைக் கணக்கு. அதனால் விதையை மட்டும் நம்பி இங்கே இருக்க முடியாது.

கடைசியாக, காசு செலவில்லாத ஒரு காரியம். கடைசிப் பறிப்பு முடிந்ததும் செடியை அறுத்து எறிந்துவிட்டு வேரை மண்ணோடு உழுதுவிடுவது நம் பக்கத்து வழக்கம். அந்த ஒவ்வொரு வேர் முடிச்சிலும் அடுத்த போகத்துக்கான முட்டை இருக்கிறது. பறிப்பு முடிந்த அன்றே, மண் ஈரமாக இருக்கும்போது, வேரோடு பிடுங்கி, வரப்பில் இரண்டு நாள் காயவைத்து, எருக்குழியில் போடாமல் எரித்துவிட வேண்டும். ஓர் ஏக்கருக்கு இரண்டு ஆள் ஒரு நாள் வேலை செய்தால் முடிந்துவிடும்.